பங்கி ஜம்பிங்: கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது?
வாசகர் கேள்வி - பதில்

உயரமான மேடையிலிருந்து ரப்பர் கயிற்றில் குதிக்கும் பங்கி ஜம்பிங் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வீடியோக்களில் ஒருவர் பறவைபோலக் கைவிரித்துப் பாய்கிறார், இன்னொருவர் முதுகுப் பக்கமாகச் சாய்கிறார், மற்றொருவர் நின்றவாக்கிலேயே குதிக்கிறார். முதல் முறையாகக் குதிக்கப்போகும் எனக்கு எது சரிப்படும்?

கயிறு உங்கள் உடம்பில் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எப்படிக் குதிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கட்டு ஒரு விதமாகவும் குதிப்பு வேறு விதமாகவும் இருந்தால், கயிறு அறாமலேயே காயம் வரும்.

கணுக்காலில் கட்டியிருந்தால் தலைதான் முன்னால் போக வேண்டும். நீங்கள் சொன்ன பறவைப் பாய்ச்சல் இதற்குப் பொருத்தமானது. இதை 'ஸ்வாலோ டைவ்' என்பார்கள். முதல் முறை குதிப்பவர்களுக்கு நாங்கள் சொல்வதும் இதுதான். கால்விரல்கள் மேடை விளிம்பை எட்டும்படி நில்லுங்கள். கைகளைப் பக்கவாட்டில் விரியுங்கள். பார்வை தொடுவானத்தில் இருக்கட்டும். கீழே பார்த்தால் இடுப்பு மடங்கும், உடம்பு கோணலாக விழும். மெல்ல முன்னால் சாய்ந்து, சாய்வு தாங்காத நொடியில் முன்பாதத்தால் வெளிப்பக்கமாக உந்துங்கள். மேல்நோக்கி எம்பக் கூடாது. மேடையை விட்டு ஒரு மீட்டர் தள்ளிப் போனாலே போதும். உடம்பு ஒரே கோடாக இருந்தால், கயிறு இறுகத் தொடங்கும்போது தலை ஏற்கெனவே கீழ்நோக்கி வந்திருக்கும். இழுப்பு மெதுவாக ஏறும்.

அதே கணுக்கால் கட்டோடு நின்றவாக்கில் குதித்தால் என்ன ஆகும்? கால் கீழே, தலை மேலே என்று விழுகிறீர்கள். கயிறு உங்கள் உடம்பை ஒட்டியே மேலே போகிறது. அது இறுகும்போது கால்களை மேல்பக்கமாகப் பறிக்கும். உடம்பு சாட்டைபோலச் சுழன்று தலைகீழாகும். அடி கழுத்துக்கும் இடுப்புக்கும். போதாததற்குக் கயிறு கையிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. அதனால்தான் கணுக்கால் கட்டோடு நின்றவாக்கில் குதிக்கப் பல நிறுவனங்கள் விடுவதில்லை.

முதுகுப்புறமாகச் சாய்வதை உடம்பு ஹார்னஸோடு, அதாவது உடம்பில் மாட்டும் பட்டைக் கட்டோடு, செய்வது நல்லது. குதிகால் விளிம்பில், கைகள் மார்பின் குறுக்கே, முகவாய் நெஞ்சோடு ஒட்டி, கட்டிலில் மல்லாந்து விழுவதுபோல விழ வேண்டும். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் பலர் தலையைப் பின்னால் வளைத்துவிடுகிறார்கள். கழுத்துப் பிடிப்பு வருவது அதனால்தான்.

'வௌவால்' என்றொரு விதம் உண்டு. பணியாளர்கள் உங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பிடித்திருந்து கைவிடுவார்கள். உந்தும் வேலை இல்லை, சுழற்சியும் குறைவு. ஆனால் தொங்கும் நேரம் முழுக்க ரத்தம் தலையில் இறங்கிக்கொண்டிருக்கும். சில நொடிகளுக்கு மேல் தொங்கவிடக் கூடாது. ஓடிவந்து குதிப்பது, குட்டிக்கரணம் அடிப்பது எல்லாம் பல தடவை குதித்துப் பழகியவர்களுக்கு மட்டும்.

கேள்வி: கணுக்கால் கட்டு, உடம்பு ஹார்னஸ் இரண்டில் எது பாதுகாப்பானது?

ஒன்று மட்டும் என்றால் ஹார்னஸ். இரண்டும் சேர்ந்திருந்தால் அதைவிட நல்லது. கணுக்காலில்தான் கட்டுவோம் என்கிற இடத்திலும், இடுப்பில் ஒரு ஹார்னஸ் போட்டு, அதிலிருந்து ஒரு தனி நாடா பங்கிக் கயிற்றின் முனைக்கு ஓட வேண்டும். கணுக்கால் கட்டு நழுவினால் அந்த நாடாதான் உயிர். அது இல்லாத இடத்தில் குதிக்காதீர்கள். கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தாலும் குதிக்காதீர்கள்.

கணுக்கால் கட்டின் நல்ல பக்கம், கயிறு முகத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கும், தலைகீழாகப் பாய்வதும் இயல்பாக வரும். குறைகள்: இழுப்பு முழுக்க முழங்கால், இடுப்பு மூட்டு வழியாக ஏறும். கண்ணிலும் மூளையிலும் ரத்த அழுத்தம் கூடும். ஹார்னஸில் தலை மேலே இருப்பதால் கண்ணுக்கு அழுத்தம் குறைவு, முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அது தோது. ஆனால் கயிறு உங்கள் மார்புக்கு நேராக வரும். மேலே எகிறும்போது அது தொய்ந்து வளையமாக முகத்துக்கு முன் ஆடும். அப்போது அதைப் பிடிக்கவே கூடாது. இறுகும்போது விரல்களைக் கவ்விக்கொள்ளும், உள்ளங்கைத் தோலை உரித்துவிடும்.

கேள்வி: எடையைக் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு நடுவில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன?

கூச்சம் புரிகிறது. ஆனால் கயிற்றைத் தேர்ந்தெடுப்பதே அந்த எண்ணை வைத்துத்தான். ஒரு கணக்கைப் பாருங்கள்.

இழுபடாத நிலையில் 15 மீட்டர் நீளமுள்ள ரப்பர் கயிறு. 70 கிலோ எடையுள்ளவர் குதித்தால், அது 45 மீட்டர் வரை நீண்டு நிற்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 15 மீட்டர் வெறும் விழுதல். ஏறக்குறைய 1.75 நொடி, முடிவில் வேகம் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டர். அதன்பின் கயிறு இறுகி, மிகத் தாழ்ந்த இடத்தில் அவருடைய எடையைப் போல 3 மடங்கு விசையில், அதாவது 210 கிலோ தொங்குவதுபோல இழுக்கிறது.

அதே கயிற்றில் 90 கிலோ எடையுள்ளவர் 70 என்று சொல்லிவிட்டுக் குதித்தால், கயிறு 45 மீட்டரில் நிற்காது. சுமார் 51 மீட்டர் வரை போகும். கீழே 5 மீட்டர்தான் இடைவெளி விட்டிருந்தால் தரையில்தான் மோதுவார். 50 கிலோ எடையுள்ளவர் அதே கயிற்றில் குதித்தால் 38 மீட்டரிலேயே நின்றுவிடுவார். பாதுகாப்பு கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவருக்கு இழுப்பு எடையின் 3.3 மடங்கு. ஒல்லியானவர்களுக்குக் கடினமான கயிறு போட்டால் கழுத்து வலிப்பதும், எகிறல் அதிகமாவதும் இதனால்தான்.

இது எளிமையாக்கப்பட்ட கணக்கு. உண்மையான ரப்பர் இழுபட இழுபட ஒரே சீராக விறைப்பதில்லை. அதனால் நிறுவனங்கள் சோதித்துத் தயாரித்த அட்டவணையைப் பார்த்தே கயிற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் எடை தப்பினால் எந்தத் திசையில் தவறும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஆகவே வாயால் எடை சொல்லாதீர்கள், எடைமேடையில் ஏறுங்கள். குதிக்கப்போகும் அதே உடை, அதே காலணியோடு. ஒழுங்கான இடங்களில் இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு ஆட்கள் எடை பார்ப்பார்கள். பல இடங்களில் அதை உங்கள் புறங்கையில் பேனாவால் எழுதிவிடுவார்கள். மேடைக்குப் போனதும் ஜம்ப் மாஸ்டர், அதாவது அங்கே குதிக்கவைக்கும் பொறுப்பாளர், அந்த எண்ணைப் பார்த்துக் கயிற்றின் எடை வரம்போடு ஒப்பிட வேண்டும். அவர் பார்க்கவில்லை என்றால் நீங்கள் கையை நீட்டி, "இந்தக் கயிறு எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்படுகிற ஆளிடம் குதிக்கவும் கூடாது.

இன்னொன்று, கயிறு எவ்வளவு நீள்கிறது என்பதோடு கணக்கு முடிந்துவிடாது. கணுக்காலில் கட்டினால் கயிற்று முனைக்குக் கீழே உங்கள் உடம்பும் நீட்டிய கையும் சேர்ந்து இன்னும் 2 மீட்டருக்கு மேல் தொங்கும். தரை இடைவெளி அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான்.

கேள்வி: கயிறு அறுந்து போகுமா?

போயிருக்கிறது. 2011 டிசம்பர் 31 அன்று, சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே விக்டோரியா அருவிப் பாலத்திலிருந்து குதித்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணின் கயிறு அறுந்தது. அது 111 மீட்டர் உயரக் குதிப்பு. கால்கள் கட்டப்பட்ட நிலையிலேயே அவர் சாம்பசி ஆற்றில் விழுந்து, நீந்தி, உயிர் பிழைத்தார். ஆனால் கயிறு அறுவதைவிட, கயிற்றை எங்கும் மாட்டாமல் விடுவதும், நீளத்தைத் தப்பாகக் கணக்கிடுவதும், எடைக்கு ஒவ்வாத கயிற்றைப் போடுவதும்தான் நாங்கள் அதிகம் கவலைப்படுகிற தவறுகள். ரப்பர் பெரும்பாலும் எச்சரித்துவிட்டுத்தான் போகும். மனிதக் கவனக்குறைவு எச்சரிக்காது.

கயிற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று நூற்றுக்கணக்கான மெல்லிய இயற்கை ரப்பர் இழைகளைச் சேர்த்துக் கட்டியது. உறை கிடையாது. மூன்று, நான்கு மடங்குவரை நீளும், இழுப்பு மென்மை. மற்றது, ரப்பர் இழைகளுக்கு மேல் நெய்த உறை போட்டது. ஏறக்குறைய இரண்டு மடங்குதான் நீளும், நிறுத்தம் சற்று முரடு. ஆள் எடைக்கேற்ப இரண்டு, மூன்று, நான்கு என்று கயிறுகளைச் சேர்த்துப் போடுவார்கள். உறையில்லாத கயிற்றின் பெரிய வசதி, கெட்டுப்போவது கண்ணுக்குத் தெரியும் என்பது. அங்கங்கே ஓரிரு இழை அறுந்து முடிபோல நீட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். ஒரே இடத்தில் கொத்தாக அறுந்திருந்தாலோ, ரப்பர் வெளுத்துப் பொடிந்து வெடிப்பு விட்டிருந்தாலோ, ஓரிடம் மட்டும் மெலிந்திருந்தாலோ அந்தக் கயிறு ஓய்வு பெற வேண்டியது.

வெயில், காற்றிலுள்ள ஓசோன், எண்ணெய்ப் பசை, மேடை விளிம்பில் உரசல் ஆகியவை ரப்பரைத் தின்னும். அதனால் ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிப் பதிவேடு இருக்க வேண்டும். தயாரித்த நாள், இதுவரை எத்தனை குதிப்பு, எத்தனை குதிப்பில் நீக்க வேண்டும் என்பவை அதில் இருக்கும். வேலை முடிந்ததும் கயிறு வெயில் படாத பைக்குள் போக வேண்டும். கம்பியில் வெயிலில் காயப்போட்ட கயிற்றைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுங்கள். பொழுது ஏற ஏற, குதிப்பு கூடக் கூட, கயிறு சூடேறித் தளர்ந்து கொஞ்சம் கூடுதலாக நீளும். குளிரில் விறைக்கும். காலையில் சரியாக இருந்த நீளம் மதியம் சரியாக இராது. நல்ல ஜம்ப் மாஸ்டர் ஒவ்வொரு குதிப்பும் எங்கே நின்றது என்று பார்த்து மேல்பிணைப்பை மாற்றிக்கொண்டே இருப்பார்.

கேள்வி: மேடையில் ஏறியபின் நானே எதைச் சரிபார்க்கலாம்? எல்லாமே புரியாத கொக்கிகளாக இருக்குமே.

புரிந்துகொள்ளக் கூடியவைதான். மேலிருந்து கீழாக வேண்டாம், உங்கள் உடம்பில் தொடங்கி வெளியே போங்கள்.

ஹார்னஸின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். தலைகீழானால் நழுவாமல் நிற்பது அந்த எலும்பினால்தான். தொடைப் பட்டைக்குள் உள்ளங்கை தட்டையாக நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. பக்கிளில் பட்டையின் வால் போதிய நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கணுக்காலில் முதலில் மெத்தையான உறையோ துண்டோ சுற்றி, அதன்மேல்தான் பட்டை வரும். கட்டு, கணுக்கால் முட்டிக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் குதிகால் தடுத்து நிறுத்தும். தளர்வான பூட்ஸின்மேல் கட்டினால் பூட்ஸோடு சேர்ந்து கால் கழன்றுவரலாம். கட்டியபின் கால்களைத் திருகிப் பாருங்கள், திருகக் கூடாது. விரல்களை அசையுங்கள், அசைய வேண்டும். மரத்துப்போனால் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் நரம்பு அழுந்தியோ இழுபட்டோ, குதித்தபின் பாதத்தைத் தூக்க முடியாமல் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

அடுத்து, பங்கிக் கயிற்றின் முனை. கணுக்கால் கட்டுக்கு ஒன்று, ஹார்னஸ் நாடாவுக்கு ஒன்று என்று தனித்தனிக் காராபினர் கொக்கிகள் தெரிய வேண்டும். அவை திருகுப் பூட்டு உள்ளவையாக இருக்க வேண்டும். பூட்டை விரலால் திருகிப் பாருங்கள், திறக்கக் கூடாது.

கடைசியாக, பலரும் பார்க்க மறக்கிற மறுமுனை. கயிற்றைக் கண்ணால் தொடர்ந்து போய், அது மேடையிலோ பாலத்திலோ கிரேனிலோ பிணைக்கப்பட்ட இடத்தைப் பாருங்கள். அங்கேயும் ஒன்றுக்கு இரண்டு தனிப்பிணைப்புகள் வேண்டும். இது முடிந்த பிறகுதான் நீங்கள் விளிம்புக்கே போக வேண்டும். அதுவரை உங்களை மேடையோடு பிடித்திருக்கும் ஒரு குட்டைப் பாதுகாப்பு நாடா இருக்கும். குதிப்பதற்குச் சற்று முன்புதான் அதைக் கழற்றுவார்கள்.

கட்டியவரே சரிபார்த்தால் அது சரிபார்ப்பே இல்லை. இரண்டாவது ஆள் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

விளிம்பில் நிற்கும்போது கயிறு கீழே தொங்கி, அதன் பாரம் உங்கள் கால்களை இழுக்கும். இது தெரியாமல் திடுக்கிட்டு நிலைதடுமாறுபவர்கள் உண்டு. முன்கூட்டியே எதிர்பார்த்து நில்லுங்கள்.

கேள்வி: "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் குதித்துவிட வேண்டியதுதானே? இதில் குழப்பம் வருமா?

வந்து ஓர் உயிரே போயிருக்கிறது. 2015இல் வட ஸ்பெயினில் ஒரு பாலத்தில், குதிக்காதே என்ற பொருளில் பயிற்சியாளர் ஆங்கிலத்தில் சொன்ன 'நோ ஜம்ப்' என்பது, 'நவ் ஜம்ப்', அதாவது 'இப்போது குதி' என்று காதில் விழுந்திருக்கலாம் என்பது நீதிமன்றம் வரை பேசப்பட்டது. குதித்த டச்சுப் பெண் பதின்வயதுக்காரர்.

எனவே மேடை ஏறியதுமே ஜம்ப் மாஸ்டரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். எந்தச் சொல்லுக்குக் குதிப்பது? எந்தச் சொல்லுக்கு நிற்பது? இரண்டுக்கும் பொதுவான சொல் இருக்கவே கூடாது. 'குதி' என்கிற சொல் ஒரே ஒரு முறை, குதிக்கும்போது மட்டும் வர வேண்டும். நிறுத்தச் சொல்ல 'ஸ்டாப்' போதும், கூடவே மார்பின் குறுக்கே கை வைத்துத் தடுப்பதும் நல்லது. உங்களுக்கும் அவருக்கும் பொதுமொழி இல்லாவிட்டால் சைகையிலேயே இதைப் பேசி முடியுங்கள். சந்தேகமாக இருந்தால் குதிக்காதீர்கள். தாமதமாகக் குதிப்பதால் யாருக்கும் எதுவும் ஆகாது.

கேள்வி: எனக்கு மைனஸ் 7 கிட்டப்பார்வை. நண்பர்கள் "லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் குதி" என்கிறார்கள்.

லென்ஸைக் கழற்றுவது லென்ஸைக் காப்பாற்றும், கண்ணைக் காப்பாற்றாது. மைனஸ் 6க்கு மேல் போன கிட்டப்பார்வையில் கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரை நீண்டு மெலிந்திருக்கும். ஓட்டை விழவும் பிரியவும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தலைகீழாக இறங்கி, கயிறு இழுக்கும் அந்த நொடியில் ரத்தம் தலைக்குப் பாய்ந்து கண்ணின் நுண்குழாய்களில் அழுத்தம் திடீரென ஏறுகிறது. எந்தக் குறையும் இல்லாத இளைஞர்களுக்கே பங்கிக்குப் பின் விழித்திரையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது பலமுறை பதிவாகியிருக்கிறது.

கண்ணில் மருந்துவிட்டுப் பாவையை விரித்து, விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். பங்கிக்காகத்தான் என்று சொல்லியே கேளுங்கள். மெலிவோ ஓட்டையோ இருந்தால் இந்த விளையாட்டு உங்களுக்கு வேண்டாம். எங்கள் கருத்து, உங்கள் அளவுக்கு, விழித்திரை நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் கணுக்கால் கட்டு வேண்டாம்.

கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவை செய்தவர்கள், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கழுத்து அல்லது முதுகெலும்புத் தட்டுப் பிரச்சினை, எலும்பு மெலிவு, மாற்று மூட்டு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் குதிக்கக் கூடாது. மது குடித்திருந்தால் யாரும் கூடாது. படிவத்தில் இதையெல்லாம் மறைத்து 'இல்லை' என்று டிக் அடிப்பவர்கள் நிறுவனத்தை ஏமாற்றவில்லை, தங்கள் உடம்பைத்தான்.

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்தே குதிக்கலாமா? அவர் 82 கிலோ, நான் 54.

இருவருக்கும் சேர்த்து 136 கிலோ. அந்த எடைக்கென்றே தனிக் கயிறு அங்கே இருந்தால் குதிக்கலாம். ஒருவர் குதிக்கும் கயிற்றில் இருவரை ஏற்றும் இடம் என்றால் வேண்டாம். சேர்ந்து குதிப்பதில் அதிகம் நேர்வது தலைகள் மோதிக்கொள்வதுதான். முகத்தோடு முகம் நிறுத்தி, இருவர் ஹார்னஸையும் நெருக்கமாகப் பிணைப்பார்கள். அவர் தலை உங்கள் வலத்தோள் பக்கம், உங்கள் தலை அவருடைய வலத்தோள் பக்கம் என்று சாய்த்து, முதுகைக் கட்டிப்பிடித்து, முதல் எகிறல் முடியும்வரை விடாதீர்கள். ஒருவர் குதித்து ஒருவர் தயங்கினால் இருவருமே கோணலாக விழுவீர்கள். அதனால் எண்ணுவது ஒரே ஆளாக இருக்கட்டும். முதல் அனுபவம் என்றால் தனித்தனியாகக் குதிப்பதே மேல்.

கேள்வி: தண்ணீரைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுபோல ஒரு குதிப்பு பார்த்தேன். அது ஆபத்தா?

கணக்கு சரியாக இருந்தால் மென்மையானது, தப்பினால் கொடுமையானது. மிகத் தாழ்ந்த புள்ளியில் உங்கள் வேகம் பூஜ்யம். ஆனால் மேலே சொன்ன 70 கிலோ கணக்கிலேயே, அந்தப் புள்ளிக்கு 1 மீட்டர் முன்னால் வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர், 2 மீட்டர் முன்னால் 31. கை நனைய வேண்டியவர் இடுப்புவரை மூழ்கினால், தண்ணீரில் மோதும்போது அவ்வளவு வேகம் இருக்கும். அதனால் கைகளை நேராக நீட்டி ஒன்றன்மேல் ஒன்று கோத்து, தலையை இரு புயங்களுக்கு நடுவே வைத்து, முகவாயை ஒடுக்கி, மூக்கு வழியாக மூச்சை விட்டுக்கொண்டே இறங்க வேண்டும். கைவிரித்த நிலையில் தண்ணீரில் விழுந்தால் தோள் கழன்றுவிடும். கீழே படகோடு ஆள் இல்லாத இடத்தில் இதைக் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: கையில் மணல் மூட்டையோடு குதித்து, கீழே போனதும் அதைக் கைவிட்டால் மேடைக்கு மேலேயே பறக்கலாமாமே?

பறக்கலாம், அதுதான் ஆபத்தே. மூட்டையின் எடையும் சேர்ந்து கயிற்றை இழுத்துச் சேமித்த சக்தி முழுவதும், கைவிட்டதும் உங்கள் ஒருவரை மட்டும் தூக்கி எறியும். பாலத்தின் அடிப்பகுதியில் மோதலாம், மேடைக்கு மேலே போய்த் தொய்ந்த கயிற்றுக்குள்ளேயே திரும்ப விழலாம். எங்கே யார் செய்துகாட்டினாலும் செய்யாதீர்கள். கடையில் வாங்கிய எலாஸ்டிக் கயிற்றைக் கொண்டு நண்பர்களாகச் சேர்ந்து குதிப்பதும் இதே வரிசைதான். சாமான் கட்டும் கயிற்றுக்கு ஆளைத் தாங்கும் சான்றும் இல்லை, நீளும் அட்டவணையும் இல்லை.

கேள்வி: இதை யார் தொடங்கினார்கள்?

வனுவாட்டு நாட்டின் பெந்தெகொஸ்தே தீவில், சேனைபோன்ற யாம் கிழங்கின் அறுவடையை ஒட்டி, ஆண்கள் மரக்கோபுரத்திலிருந்து கணுக்காலில் கொடி கட்டிக் குதிக்கும் சடங்கு நெடுங்காலமாக நடக்கிறது. கொடியைக் குதிப்பவரின் எடை பார்த்தே தேர்ந்தெடுப்பார்கள். 1974இல் அரச வருகைக்காகப் பருவம் தப்பி நடத்தியபோது, கொடியில் போதிய இழுவை இல்லாமல் ஒருவர் இறந்தார். ரப்பர் கயிற்றோடு 1979 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து ஆக்ஸ்போர்டு மாணவர் குழு ஒன்று குதித்தது. 1987இல் நியூசிலாந்துக்காரரான ஏ. ஜே. ஹாக்கெட் ஈபிள் கோபுரத்திலிருந்து குதித்தார். 1988 நவம்பரில் நியூசிலாந்தில் 43 மீட்டர் உயரக் கவாராவ் பாலத்தில் அவர் கூட்டாளியோடு தொடங்கிய இடம்தான் நிரந்தர வணிகத் தளங்களுக்கு முன்னோடி. அவற்றில் தென்னாப்பிரிக்காவின் புளூக்ரான்ஸ் பாலம் 216 மீட்டர், மக்காவ் கோபுரம் 233 மீட்டர்.

உயரம் கூடினால் ஆபத்தும் கூடும் என்று கேட்கிறவர்கள் அதிகம். கயிறு அதற்கேற்ப நீளமாக, பதமாக இருந்தால் இழுப்பு அதே அளவில்தான் இருக்கும். குறைந்த உயரத்தில்தான் பிழைக்கு இடமே கிடையாது.

கேள்வி: விளிம்பில் போய் நின்று உறைந்துவிட்டேன். தள்ளிவிடச் சொல்லலாமா?

வேண்டாம். தள்ளினால் முதுகில் விழும் விசை உடம்பை மடக்கி, ஒரு பக்கமாகச் சுழற்றும். பறவைப் பாய்ச்சல் தானாகக் கோணல் பாய்ச்சலாகிவிடும். விளிம்பிலிருந்து இரண்டடி பின்வாங்கி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, மறுபடியும் வாருங்கள். இரண்டாவது முறையும் கால் நகரவில்லை என்றால் இறங்கி வந்துவிடுங்கள். அரைமனத்தோடு குதிப்பவர்கள் கடைசி நொடியில் மேடையைப் பிடிக்கக் கை நீட்டுவார்கள். முகமும் முழங்கையும் விளிம்பில் அடிபடுவது அப்போதுதான்.

கேள்வி: குதித்து முடிந்த பின் கவனிக்க ஏதேனும் உண்டா?

தொங்கும்போதே தொடங்குங்கள். நான்கைந்து எகிறலுக்குப்பின் ஆட்டம் அடங்கும். தலைகீழாகத் தொங்கினால், சில இடங்களில் ஒரு நாடாவை இழுத்தால் கால் விடுபட்டு உட்கார்ந்த நிலைக்கு வந்துவிடலாம். எது, எங்கே, எப்போது இழுப்பது என்று மேலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் அடங்கும்முன் இழுக்கக் கூடாது. ஹார்னஸில் தொங்குபவர்கள் கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். தரைக்கு வந்ததும் உடனே எழுந்து ஓடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள்.

கண்வெள்ளையில் சிவப்புத் திட்டு மட்டும் வந்து பார்வை தெளிவாக இருந்தால், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் மறையும். ஆனால் பார்வை மங்கல், கறுப்புப் புள்ளிகள், மின்னல்போல ஒளி, திரை விழுந்ததுபோல ஒரு பக்கம் மறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கழுத்தில் ஒரு பக்க வலியோடு கடும் தலைவலி, முகம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் பலம் குறைதல், பேச்சுக் குழறல் வந்தால் நேராக அவசரச் சிகிச்சைக்கு. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் இந்த அறிகுறிகள் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்தும் வரலாம். மருத்துவரிடம், "பங்கி குதித்தேன், இன்ன நாளில்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சாதாரணத் தலைவலி என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.